கடைமடையில் அளந்து சொல்லுங்கள்

தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கு,



குமராட்சி ஒன்றியத்தின் ஒவ்வோர் ஊராட்சியிலும் இன்று காலை பத்து மணிக்கு இணையம் என்ன வேகத்தில் ஓடியது? எந்த ஊராட்சியில் அறவே ஓடவில்லை? ஓடாத இடத்தில் எப்போதிலிருந்து ஓடவில்லை? இவற்றுக்கான விடை உங்கள் கண்காணிப்பு மையத்தில் இருக்க வேண்டும். ஊரில் யாரிடமும் இல்லை. ஊராட்சிச் செயலரிடம் இல்லை, இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் இல்லை, அவருக்கு எதிரே காத்திருக்கும் விவசாயியிடம் நிச்சயமாக இல்லை. அந்த விடையை எங்களுக்கும் நாள்தோறும் தர வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

குமராட்சி எங்கே இருக்கிறது என்று உங்கள் வரைபடம் சொல்லும். கடலூர் மாவட்டத்தின் தென்கோடியில், சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோவில் போகும் சாலையில், தெற்கே கொள்ளிடம் ஓடும் பகுதி. நெல்தான் பிழைப்பு. படித்த பிள்ளைகள் சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் சென்னைக்கும் போய்விடுகிறார்கள். ஊரில் இருப்பவர்களுக்கு இணையம் பொழுதுபோக்கு அல்ல. பட்டா மாறுதல், சாதிச் சான்று, வருமானச் சான்று, முதியோர் உதவித்தொகை, நெல் கொள்முதல் நிலையத்தில் முன்பதிவு, விவசாயிக்கான தனி அடையாள எண் என்று அரசு வாசல் எல்லாமே அதன் வழியாகத்தான் திறக்கிறது. ரேஷன் கடையில் கைரேகை பதிவாக வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைக்குப் போனவர்களின் வருகையைக்கூடப் பணித்தளப் பொறுப்பாளர் கைபேசியில் படமெடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. இத்தனையையும் இணையத்துக்குக் கொண்டுபோனது அரசு. எங்களைக் கேட்டுச் செய்யவில்லை. செய்தபின் அந்த இணையம் ஓடுகிறதா என்று பார்ப்பதும் அரசின் பொறுப்புதானே?

சம்பா பயிருக்குக் காப்பீடு கட்டும் நாட்களில் இந்தப் பக்கம் ஓர் இ-சேவை மையத்துக்கு வந்து பாருங்கள். நவம்பர் 15 கடைசி நாள் என்று அறிவிப்பு வந்திருக்கும். சில ஆண்டுகளில் தேதியை நீட்டிக்கிறார்கள். ஆனால் நீட்டிப்பார்கள் என்று நம்பி யாரும் வீட்டில் இருந்துவிட முடியாது. மழையும் அந்த நாட்களில்தான் பிடித்துக்கொள்ளும்.

அப்படி ஒரு நாளில் ஒரு கிராமத்தில் பார்த்ததைச் சொல்கிறோம். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த மையத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தது எந்த நிறுவனம் என்பதும் வேண்டாம், குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பெரியவர் ஒருவர் சிட்டா, அடங்கல், ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல் எல்லாவற்றையும் மழையில் நனையாமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் வைத்திருக்கிறார். மையத்துப் பெண் சர்வே எண்ணையும் உட்பிரிவையும் தட்டுகிறார். பக்கம் பாதி வருகிறது, நிற்கிறது. "சுத்திக்கிட்டே இருக்குங்க ஐயா." "இரு பாப்பா, வரும்." பெரியவரின் பட்டன் போனுக்கு ஓடிபி வந்துவிடுகிறது. அதைப் போட வேண்டிய கட்டம்தான் திரையில் இன்னும் வரவில்லை. வந்தபோது ஓடிபிக்கு நேரம் முடிந்துபோயிருந்தது. மறுபடி முதலிலிருந்து. அந்தப் பெண் தன் கைபேசியை எடுத்து ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்து, அதிலிருந்து ஹாட்ஸ்பாட் போடுகிறார். அந்த டேட்டா அவருடைய சொந்தக் காசு. அடங்கலை ஸ்கேன் செய்து ஏற்றும்போது பாதியில் அறுந்துபோகிறது. வெளியே வரிசையில் நிற்பவர்களில் ஒருவர், "நெட்டு இல்லாம எதுக்கு சென்டர் வச்சிருக்க?" என்று அவரிடமே சத்தம் போடுகிறார். மதியத்துக்கு மேல் சிலர் பஸ் ஏறிச் சிதம்பரம் போனார்கள். அன்றைய கூலி போனது, பஸ் செலவும் ஆனது.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. விளம்பரங்களில் வரும் வேகம் எல்லாம் இறக்கும் வேகம்: படம் பார்க்க, பாட்டுக் கேட்க. கிராமத்து மையத்தில் நாள் முழுக்க நடப்பதோ ஏற்றும் வேலை. ஆவணம், கைரேகை, கையெழுத்து, புகைப்படம் எல்லாம் இங்கிருந்து அங்கே போக வேண்டும். ஏற்றும் வேகத்தை அளக்காமல் ஓர் ஊராட்சிக்கு இணையம் நன்றாக இருக்கிறது என்று சான்று தருவது அரைக் கணக்கு.

அன்று அங்கே என்னதான் கோளாறு? யாருக்கும் தெரியாது. அந்தப் பெண் "சர்வர் பிஸி" என்றார். அது உண்மையாக இருக்கலாம். கடைசி நாட்களில் நாடு முழுவதிலிருந்தும் ஒரே தளத்துக்குள் எல்லோரும் நுழைந்தால் அது திணறத்தான் செய்யும், அதற்குக் கேபிள் பொறுப்பல்ல. சாலையோரம் ஜேசிபி தோண்டியதில் எங்காவது கேபிள் அறுந்திருக்கலாம். ஊராட்சிக் கட்டடத்தில் மின்சாரம் போய், யுபிஎஸ் பேட்டரி செத்துக் கிடந்திருக்கலாம். மேலிருந்து வாங்கியிருக்கும் மொத்தக் கொள்ளளவே குறைவாக இருந்திருக்கலாம். அந்த அறையின் வைஃபை ரவுட்டர் பழையதாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு, பொறுப்பாளர் வேறு. எது என்று தெரியாதவரை பழி மட்டும் ஒரே இடத்தில் விழுகிறது, அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவர் மேல். உங்கள் நிறுவனத்தின் மேலும் செய்யாத தவறுக்குப் பழி விழுந்திருக்கலாம். அளவை வெளியே சொல்லாதவரை அதை நீங்களும் மறுக்க முடியாது.

நாங்கள் பொறுமை இல்லாதவர்கள் அல்ல. தேசிய ஒளியிழை வலையமைப்புக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2011 அக்டோபர் 25 அன்று. நாட்டின் இரண்டரை இலட்சம் ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோவோம், இரண்டே ஆண்டில் முடிப்போம் என்றார்கள். 2015இல் அதற்கு பாரத்நெட் என்று பெயர் வைத்தார்கள். முதல் ஒரு இலட்சம் ஊராட்சிகளை எட்டியதாக அறிவிப்பு வந்தபோது 2017 டிசம்பர் ஆகிவிட்டது. 2018இல் வந்த தேசிய டிஜிட்டல் தகவல்தொடர்புக் கொள்கை, எல்லா ஊராட்சிகளுக்கும் 2020க்குள் 1 ஜிபிபிஎஸ், 2022க்குள் 10 ஜிபிபிஎஸ், குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 50 எம்பிபிஎஸ் என்று எழுதியது. எழுதிய ஆண்டுகள் எல்லாம் கடந்து போய்விட்டன. 2023 ஆகஸ்டில் திட்டத்தைத் திருத்தி 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள்.

தமிழ்நாட்டில் இரண்டாம் கட்டத்தை மாநில அரசே நடத்தும் என்று முடிவாகி, அதற்காக 2018இல் பிறந்ததுதான் உங்கள் நிறுவனம். 12,525 ஊராட்சிகள், ஒவ்வொன்றுக்கும் 1 ஜிபிபிஎஸ், சுமார் 1,815 கோடி ரூபாய். அந்த டெண்டரின் நிபந்தனைகள் போட்டியைக் குறுக்குவதாகப் புகார் எழுந்து, மத்தியத் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை தலையிட்டு, 2020 ஜூனில் ரத்தானது. மறுபடி டெண்டர் விட்டு, வேலை ஊருக்கு வர மேலும் இரண்டு ஆண்டு ஆனது. அந்த இரண்டு ஆண்டும் கொரோனா காலம். பள்ளியும் கல்லூரியும் கைபேசித் திரைக்குள் அடைபட்ட காலம். அப்போது இந்த வலையமைப்பு இருந்திருந்தால் எத்தனை பிள்ளைகள் மொட்டை மாடியிலும் மரத்தடியிலும் சிக்னல் தேடி உட்காராமல் இருந்திருப்பார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாரத்நெட்டுக்கான நிதி, தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 சதவீதத்தைக் கட்டும் நிதியத்திலிருந்து வருகிறது. முன்பு அனைவருக்குமான சேவைக் கடமை நிதியம் என்று இருந்தது, இப்போது டிஜிட்டல் பாரத் நிதி. நிறுவனங்களின் வருவாய் என்பது நாங்கள் செய்யும் ரீசார்ஜ்தான். குமராட்சியில் நாற்று நடப் போகும் பெண்ணும் ஒவ்வொரு மாதமும் இந்த வலையமைப்புக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். இது சலுகை அல்ல. முன்பணம் கட்டிய பொருளை இன்னும் கொடுக்கவில்லையே என்று கேட்கிறோம்.

வேகம் என்றால் எது வேகம் என்பதில் அரசின் கணக்குகளே ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. 2023 ஜனவரியில் தொலைத்தொடர்புத் துறை வெளியிட்ட அறிவிக்கையின்படி, 2 எம்பிபிஎஸ் வந்தாலே அது பிராட்பேண்ட். ஊராட்சிக்கு வாக்களித்ததோ 1 ஜிபிபிஎஸ், அதைப்போல் ஐந்நூறு மடங்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நின்றாலும் யாரும் யாரையும் கேட்க முடியாது என்ற நிலைதான் இன்று. அதேபோல், இணையச் சேவைக்குத் தயார் என்று கணக்கில் ஏறிய ஊராட்சிகள் நாடு முழுவதும் 2 இலட்சத்து 14 ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. அந்தக் கணக்கு, கேபிளும் கருவியும் போய்ச் சேர்ந்ததை எண்ணுகிறது. அவை இன்று உயிரோடு இருக்கின்றனவா என்பதை எண்ணுவதில்லை. 2025 ஜனவரியில் அறிவித்த தேசிய பிராட்பேண்ட் இயக்கம் 2.0இல்தான், 2030க்குள் 2.70 இலட்சம் கிராமங்களில் நூற்றுக்கு 95 பங்கு நேரம் இணைப்பு ஓட வேண்டும் என்று ஓடும் நேரத்தைக் குறிக்கோளாக வைத்தார்கள். தாமதமானாலும் சரியான குறிக்கோள். ஆனால் 95 சதவீதமா இல்லையா என்று ஊர்க்காரர்கள் சரிபார்க்க வழி வேண்டாமா?

எங்கள் பகுதியில் இதற்கு ஒரு நல்ல வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. நீருக்கு.

கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்கு எத்தனை கனஅடி வருகிறது, வீராணத்தின் முழுக்கொள்ளளவான 47.50 அடியில் இன்று எத்தனை அடி இருக்கிறது, சென்னைக் குடிநீருக்கு எவ்வளவு போகிறது என்பதெல்லாம் நாளிதழில் வந்துவிடும். டீக்கடையில் பத்து வயதுப் பையன்கூடச் சொல்வான். ஏரி நிரம்பி வழிந்தாலும் சொல்கிறார்கள், 2024 கோடையில் வறண்டபோதும் சொன்னார்கள். வறண்ட ஏரியின் அளவைச் சொன்னதற்காக நீர்வளத் துறையை யாரும் கல்லால் அடிக்கவில்லை. அளவு தெரிந்ததால்தான் எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் வரும், நாற்று விடலாமா, நேரடி விதைப்புக்குப் போகலாமா என்று விவசாயி முடிவெடுக்கிறான். வராவிட்டால் வடக்கு ராஜன் வாய்க்காலில் எந்த மதகில் அடைப்பு, கான்சாகிப் வாய்க்காலில் எங்கே தூர்வாரவில்லை என்று இடத்தைச் சுட்டிக் கேட்கிறான்.

தலைமடையில் வெள்ளமாய்ப் போகும் தண்ணீர் கடைமடைக்கு ஈரமாகக்கூட வராது என்பது இங்கே தலைமுறை தலைமுறையாகக் கண்டது. அதனால் மேட்டூரில் திறந்த தண்ணீரைக் கேட்டு இங்கே யாரும் மகிழ்ந்துவிடுவதில்லை. என் வயல் மடைக்கு வந்ததா என்பதுதான் கேள்வி. இணையத்திலும் அதுவேதான் நடக்கிறது. கண்ணாடி இழையின் கொள்ளளவு மிகப் பெரியது. ஆனால் ஒரே இழையில் வருவதைப் பலருக்குப் பிரித்துத்தான் கொடுக்கிறார்கள். அப்படிப் பிரிப்பதிலும் ஒரு வரம்பு உண்டு. ஒருவருக்குரிய வீட்டு இணைப்பின் கொள்ளளவை ஐம்பது பேருக்கு மேல் பங்கு போடக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2009இலேயே வழிகாட்டியது. குமராட்சி ஒன்றிய அலுவலகம் வரை என்ன வந்தது என்பது தலைமடைக் கணக்கு. அங்கிருந்து கிளை பிரிந்து போகும் கடைசி ஊராட்சியில், கடைசி பள்ளிக்கூடத்தின் கணினி அறையில், காலை பத்திலிருந்து ஒரு மணிக்குள் என்ன வருகிறது என்பதை அளக்க வேண்டும். மாநிலச் சராசரி எங்களுக்கு வேண்டாம். சராசரியில் குமராட்சி காணாமல் போய்விடும்.

வெளிநாட்டில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் அரசே பெரும் செலவில் தேசிய பிராட்பேண்ட் வலையமைப்பு போட்டது. 2009இல் அறிவித்தபோது 90 சதவீத இடங்களுக்கு வீட்டு வாசல் வரை கண்ணாடி இழை என்றார்கள். 2013இல் ஆட்சி மாறியதும் பல இடங்களில் பழைய செம்புக் கம்பியையே கடைசித் துண்டாக வைத்துக்கொண்டார்கள். மக்களின் கோபம் கரைபுரண்டது. காசு கொடுத்தும் வேகம் வரவில்லை என்று புகார்கள் குவிந்தன. அங்கே போட்டி, நுகர்வோர் ஆணையம் என்ன செய்தது? விருப்பப்பட்ட வீடுகளில் ஒரு சிறு கருவியைப் பொருத்தி, கூட்டம் மிகுந்த நேரமான இரவு ஏழிலிருந்து பதினொன்று வரை என்ன வேகம் வருகிறது என்று அளந்து, எந்த நிறுவனம் எத்தனை தருகிறது என்று பெயர் போட்டு 2018 மார்ச்சிலிருந்து வெளியிட்டது. அதற்கு முன்பே, 2017 நவம்பரில், டெல்ஸ்ட்ரா நிறுவனம் சொன்ன வேகத்தைத் தர முடியாத சுமார் 42,000 வாடிக்கையாளர்களுக்குப் பரிகாரம் தர ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. விளம்பரத்தில் எட்டாத வேகத்தை எழுதுவதும் குறைந்தது, கூட்ட நேர வேகத்தை எழுத வேண்டியதாயிற்று. அளவு வெளியே வந்தது, நிறுவனங்கள் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. சிட்னியிலும் மெல்போர்னிலும் நம் உறவினர்கள் அனுபவிக்கும் இந்த உரிமையைக் குமராட்சியில் கேட்பது பேராசை ஆகாது.

பக்கத்தில் கேரளத்தையும் பாருங்கள். அங்கே 2023 ஜூன் 5 அன்று அந்த மாநில அரசின் இணையத் திட்டமான கே-ஃபோன் தொடங்கியபோது அரசு அலுவலகங்களோடு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பதையும் சேர்த்து, கட்டண இணைப்பை 20 எம்பிபிஎஸ் 299 ரூபாய் என்று விலையோடு சொன்னார்கள். அங்கேயும் தாமதமும் குறையும் உண்டு. ஆனால் இன்ன வேகம் இன்ன விலை என்று சொல்லிவிட்டால் மக்கள் கேள்வி கேட்கப் பிடிமானம் கிடைக்கிறது.

இனி, எங்கள் மாவட்டத்துக்கென்றே உள்ள ஒரு கவலை. உங்கள் கேபிளின் பெரும்பகுதி மின்கம்பங்களின் மேல் போகிறது. செலவு குறைவு, சாலையைத் தோண்ட அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம், அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். இந்த நியாயங்கள் எங்களுக்குப் புரிகின்றன. ஆனால் இது கடலூர் மாவட்டம். தேசிய ஒளியிழைத் திட்டத்துக்கு அமைச்சரவை கையெழுத்திட்ட இரண்டே மாதத்தில், 2011 டிசம்பர் 30 அன்று, தானே புயல் இந்தக் கரையைத்தான் கடந்தது. அன்று சாய்ந்த மின்கம்பங்களை நிமிர்த்தி எல்லா ஊருக்கும் வெளிச்சம் வர வாரக்கணக்கில் ஆனது. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகள் வேரோடு போயின. பிறகு 2015 நவம்பர் வெள்ளம், 2020இல் நிவர், 2024இல் ஃபெஞ்சல். கொள்ளிடத்தில் 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் தண்ணீர் கரைபுரண்டபோது பெராம்பட்டு, கீழகுண்டலபாடி, திட்டுக்காட்டூர் கிராமங்களைச் சூழ்ந்துகொண்டது. சனங்கள் படகில் வந்தார்கள். அப்படிப்பட்ட நாளில்தான் ஊராட்சி அலுவலகத்துக்கு இணைப்பு உயிர். எத்தனை பேர் மேட்டில் இருக்கிறார்கள், யாருக்கு மருந்து வேண்டும், எத்தனை ஏக்கர் மூழ்கியது என்று ஆட்சியர் அலுவலகத்துக்குத் தெரிய வேண்டிய நாள் அது. அன்றைக்குக் கம்பத்தோடு கேபிளும் கீழே கிடந்தால் என்ன ஏற்பாடு?

வளைய அமைப்பில் கேபிள் போடுவதாகத் திட்டத்தில் சொல்லியிருக்கிறீர்கள். அதாவது, ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் சுற்றி வந்து இணைப்பு நிற்காமல் ஓட வேண்டும். பாரத்நெட்டின் முதல் கட்டத்தில் ஒரே கோடாகப் போட்ட இடங்களில், நடுவில் ஒரு துண்டிப்பு விழுந்தால் அதற்கு அப்பால் உள்ள ஊர்கள் எல்லாம் இருண்டுவிடும். அந்தப் பாடத்துக்குப் பின் வந்த முறை இது. நல்ல முறை. குமராட்சி ஒன்றியத்தில் வளையம் முழுமையாக மூடியிருக்கிறதா? அல்லது ஏதாவது ஒரு துண்டு பாக்கி நின்று, வரைபடத்தில் வளையமாகவும் தரையில் கோடாகவும் இருக்கிறதா? இரண்டு பக்கமும் ஒரே சாலையோரக் கம்பங்களில் போகிறதென்றால் ஒரே காற்றில் இரண்டும் விழும். இதற்கு ஒன்றியம் வாரியாக நீங்கள் விடை சொல்ல வேண்டும். வேலை முடியவில்லை என்றால் அதையே சொல்லுங்கள், மக்கள் புரிந்துகொள்வார்கள்.

நிலத்துக்கடியில் போகும் பகுதிக்கு ஆபத்து வேறு. விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் போகும் நான்குவழிச் சாலைக்காக இந்த மாவட்டம் ஆண்டுக்கணக்கில் தோண்டப்பட்டது. குடிநீர்க் குழாய்க்கும் மின்சாரத்துக்கும் தோண்டுவது தனி. தோண்டும் முன் கீழே என்ன கேபிள் கிடக்கிறது என்று தெரிந்துகொள்ள 2023 மார்ச் 22 அன்று மத்திய அரசு ஒரு செயலியையே தொடங்கியது. அது நல்ல கருவி. ஆனால் ஜேசிபி ஓட்டும் தம்பியின் கைக்கு அந்தத் தகவல் போக வேண்டும். ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்கும் அலுவலகம் அதைக் கட்டாயமாக்கினால்தான் போகும். ஆட்சியர் கூட்டத்தில் நெடுஞ்சாலைத் துறையையும் மின்வாரியத்தையும் ஊரக வளர்ச்சித் துறையையும் ஒன்றாக உட்கார வைத்து இதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அடுத்து, அந்த அறை. ஊராட்சிச் சேவை மையக் கட்டடத்திலோ வேறு அரசுக் கட்டடத்திலோ உங்கள் ரேக்கும் ரவுட்டரும் யுபிஎஸும் வைக்கப்படுகின்றன. அவற்றுக்குத் தடையில்லா மின்சாரமும் பாதுகாப்பும் தர வேண்டும் என்றும், கண்ணாடி இழை கேபிளை அறுத்துத் திருடினால் மறுவிற்பனைக்கு உதவாது, குற்ற வழக்குதான் மிஞ்சும் என்றும் மாவட்ட ஆட்சியர்கள் செய்திக்குறிப்பே கொடுத்தார்கள். சரி. பொறுப்பு யாருடையது? ஊராட்சித் தலைவர்கள் இருந்தவரை அவர்களிடம் கேட்கலாம் என்றிருந்தது. எங்கள் மாவட்டத்தில் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு அவர்களின் பதவிக்காலம் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களிடம் போயின. ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் ஒன்றியத்தின் எல்லா ஊராட்சிக்கும் போய் யுபிஎஸ் பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அறையின் சாவி ஒருவரிடம், மின்கட்டணம் இன்னொருவர் கணக்கில், கருவி உங்களுடையது, பராமரிப்பு ஒப்பந்தக்காரருடையது. நால்வரில் யாரைக் கேட்பது என்று தெரியாததால்தான் ஒரு சிறு பழுது பல நாள் நீள்கிறது. ஓர் ஊராட்சிக்கு ஒரு பெயர், ஒரு தொலைபேசி எண், பழுது நீக்க இத்தனை மணி நேரம் என்ற கெடு: இந்த மூன்றையும் அந்த அறையின் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள்.

பள்ளிகளும் இதே இணைப்பை நம்பித்தான் இருக்கின்றன. மாநில அரசு தன் பள்ளிகளில் 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகளை அமைக்கும் திட்டத்தை அறிவித்துச் செயல்படுத்தியது. நடுநிலைப் பள்ளிகளுக்கும் உயர்தரக் கணினி ஆய்வகங்கள் வந்தன. திரை வந்தபின் இணைப்பு நொண்டினால் ஆசிரியர் கரும்பலகைக்குத் திரும்பிவிடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. இழப்பு பிள்ளைகளுக்குத்தான். இணைப்பு உரிமையும்கூட. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் சேவைகளை எட்டும் உரிமை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கியது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு கிராமப்புற மக்களையும் பெயர் சொல்லி நினைத்தது.

எங்கள் கோரிக்கைக்குப் புதிய சட்டம் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, யாரும் மனுப் போடாமலே அரசு நிறுவனங்கள் தாமாக முன்வந்து தகவலை வெளியிட வேண்டும் என்கிறது. பெரிய செலவும் இல்லை. கருவி உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பது கண்காணிப்பு மையத்துக்குத் தானாக வரும் செய்தி. அதை ஊராட்சி வாரியாகப் பொதுமக்கள் பார்க்கும்படி திறந்துவிட வேண்டும். நேற்று எத்தனை மணி நேரம் ஓடியது, கூட்ட நேரத்தில் ஏற்றும் வேகம் என்ன, இறக்கும் வேகம் என்ன, நிலுவையில் உள்ள பழுது எது, எந்தத் தேதியிலிருந்து. தமிழில் இருக்கட்டும். கைபேசி இல்லாதவருக்காக ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில் வாரம் ஒருமுறை எழுதிப் போடட்டும். கிராம சபையில் வரவு செலவு வாசிக்கும்போது இதையும் வாசிக்கட்டும். இ-சேவை மையப் பெண்ணிடம், கோளாறு கேபிளில் இல்லை, தளத்தில்தான் என்று காட்ட ஒரு பக்கம் இருந்தால், வரிசையில் நிற்பவரின் கோபமாவது சரியான இடத்துக்குத் திரும்பும்.

683 ஊராட்சிகள் உள்ள கடலூர் மாவட்டம் முழுவதற்கும் ஒரே நாளில் செய்ய முடியாது என்றால் குமராட்சி ஒன்றியத்தில் தொடங்குங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், செப்டம்பர் முடிவதற்குள், ஒரு நாள் வேண்டுமென்றே கேபிளின் ஒரு பக்கத்தைத் துண்டித்து வளையம் மறுபக்கம் சுற்றி வருகிறதா என்று ஊரார் முன்னால் சோதித்துக் காட்டுங்கள். எந்தெந்த ஊராட்சியில் யுபிஎஸ் எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்பதையும் அன்றே எழுதிவிடலாம். காப்பீட்டுப் பதிவு தொடங்கும் நாளில் பெரியவர்கள் கவரை எடுத்துக்கொண்டு வருவதற்கு முன் அந்தப் பட்டியல் எங்கள் கைக்கு வர வேண்டும்.

உங்கள் பதிலை ஒரு வரியும் குறைக்காமல் இதே பக்கத்தில் வெளியிடுவோம்.

இப்படிக்கு,
ஆசிரியர்